மூச்சு விட்ட இடம்

"கடைசிப் பாட்டுல நான் மூச்சு விட்டேன்னு எந்தக் காதுல கேட்டீக, பாய்?"

மரியதாஸ் கேட்டது நடுவர் பாக்கரிடம். ஐம்பது வயதுக்கு மேல், கடற்கரை மணலில் நாள் முழுக்க நின்று சடுகுடுவுக்கு விசில் ஊதினால் யாருக்குத்தான் கால் நிற்கும்? கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் உட்கார்ந்து, சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

எதிரணிப் பக்கம் பாடிப்போன மரியதாஸ் நடுவில் மூச்சு விட்டதாக அவர் விசில் ஊதியதில், அவனுடைய தங்கச்சிமடம் அணி இறுதி ஆட்டத்தில் ஒரே புள்ளியில் புதுமடத்திடம் தோற்றிருந்தது. போன வருஷம் ஜெயித்த கேடயம் கைவிட்டுப் போய்விட்டது.

விழாக்குழுச் செல்லச்சாமி காகிதத்தோடு வந்தார்.

"இனிமே பாக்கர் விசில் ஊதக்கூடாதுன்னு மனு எழுதிட்டேன். ஏலே மரியதாஸு, நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

"இந்த நோட்டையும் சேத்து வைங்க. எவனை எப்பிடிக் கவுக்கலாம்னு ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதி வச்சிருக்காக." மரியதாஸ் நோட்டைப் பிடுங்கினான்.

"படிச்சுப் பாரு தம்பி. விசிலையும் வேணும்னா வாங்கிக்க. எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார் பாக்கர்.

மரியதாஸ் புரட்டினான். ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

'கையைப் பார்த்தேன், கோட்டை மிதித்த காலை விட்டுவிட்டேன். என் தப்பு.'

'கூட்டத்தின் கூச்சலுக்குப் பயந்து அவசரமாக ஊதினேன். என் தப்பு.'

போன வருஷத்துப் பக்கம் வந்தது.

'1957 வைகாசி. இறுதி ஆட்டம். கடைசிப் பாட்டு மரியதாஸ். நடுவில் மூச்சு விட்டானா? கச்சான் காற்று சத்தத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. காதில் விழாமலே புள்ளி கொடுத்தேன். புதுமடம் தோற்றது. மனசு ஆறவில்லை. இனிக் காற்று போகிற பக்கம்தான் நிற்க வேண்டும், கண்ணில் மணல் அடித்தாலும்.'

மரியதாஸ் பாக்கரின் சிவந்த கண்ணைப் பார்த்தான். இன்று முழுக்க அவர் அந்தப் பக்கம்தான் நின்றார்.

"எவ்வளவு நேரம்லே படிப்ப? கையெழுத்தப் போடு." செல்லச்சாமி பேனாவை நீட்டினார்.

மரியதாஸ் பேனாவை வாங்கினான். மனுவைத் தொடவில்லை. நோட்டில், 'மூச்சு விட்டானா?' என்ற அந்தப் போன வருஷத்துக் கேள்விக்குப் பக்கத்தில் எழுதினான்:

'விட்டேன். இப்படிக்கு, மரியதாஸ்.'