பாய் இறக்கிய இடம்

படகில் ஏறி உட்கார்ந்ததுமே லோகநாயகி கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மெட்ராஸில் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் வரைவது அவள் வேலை. திரும்பும்போது ரயிலில் பொன்னேரி, பஸ்ஸில் பழவேற்காடு, அங்கிருந்து அக்கரைக் குப்பத்துக்கு அப்பா துளசிங்கத்தின் படகு. தினமும் இந்தப் பாடுதான். இன்றைக்குத்தான் அலுப்பே தெரியவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏரியையும் வானத்தையும் ஒரே சாயத்தில் தோய்த்து எடுத்தது போலிருந்தது. படகு எதன்மேல் போகிறது என்று சொல்ல முடியவில்லை.

அந்தத் திரையும் இப்படித்தான், நிறம் மட்டும் கறுப்பு, கரையே கிடையாது என்றாள். கம்பெனிக்குப் புதிதாக வந்த மெஷின். இன்ஜினியர் சீனிவாசன் ஓர் ஆஸ்பத்திரியின் மாடிப்படியைக் கொடுத்து, இதில் போட்டுப் பாரம்மா என்றாராம். எண்ணைத் தட்டினால் கோடு தானாக ஓடுகிறது. தள்ளி வைத்தால் மொத்த ஆஸ்பத்திரியும் தீப்பெட்டி அளவு. கிட்டே இழுத்தால் திரை முழுக்க ஒரே ஒரு படி. கால் வைத்து ஏறிவிடலாம் போலிருந்ததாம்.

துளசிங்கம் சுக்கானைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோடு தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வாய் என்றார்.

காகிதத்தில் என்றால் பாதி பிளேடால் மையைச் சுரண்ட வேண்டும். எவ்வளவு பதமாகச் சுரண்டினாலும் வடு தெரியும். இதில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கோடு இருந்த இடமே தெரியாது என்றாள்.

அவர் சுக்கானை விட்டு எழுந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து அவளை அந்த மெஷினில் உட்கார்த்திப் பழக்கப் போகிறார்கள். ஆபீஸிலேயே அவள் ஒருத்தியைத்தான். அதைச் சொல்லும்போது மட்டும் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் பாலம், பாலத்துக்கு அப்புறம் துறைமுகம் என்று தண்ணீரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள்.

படகு நகரவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

நடு ஏரி. பாய் இறங்கிக் கிடந்தது. துளசிங்கம் கோலைச் சேற்றில் ஊன்றி, படகை அதில் கட்டிக்கொண்டிருந்தார். காற்று நன்றாகத்தான் அடித்தது. குப்பமும் கண்ணுக்கெட்டிய தூரம்தான். அவர்கள் வீட்டு வாசலில் யாரோ பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தார்கள்.

"இன்னா நைனா, இங்க கட்ற?"

அவர் முடிச்சை இறுக்கிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்து குந்திகினு கீறாங்க. நாந்தான் வரச் சொன்னேன். பொண்ணு வேலய வுட்ரும்னு வார்த்தையும் குட்த்துட்டேன்."

அவர் கரைப் பக்கம் திரும்பவில்லை.

"பார்த்துப் பார்த்து எய்ந்து பூடுவாங்க. நீ மேல சொல்லு."