மாப்பிள்ளை வீட்டுச் சோளம்

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டு ஹோலில், தன் தம்பி மகனுக்கு மேனுகாவைப் பெண் கேட்டு வந்திருக்கும் வரதராசா, அவன் வாழும் அமெரிக்க நெப்ராஸ்காவை டிவியில் காட்டிக்கொண்டிருக்கிறார். திரை முழுக்கச் சோளம், மேலே வானம். ஜன்னல் அதிரக் கடற்கரை ரயில் போகிறது; அது ஓயும்வரை மேடைப் பேச்சாளர்போலக் கையை உயர்த்திக் காத்திருக்கிறார். "இது எங்கட பெடியன்ர வீட்டுக்கு முன்பக்கம்." அடுத்த படம் பின்பக்கம். அதே சோளம். மாப்பிள்ளை இன்னும் ஒரு படத்திலும் வரவில்லை. தேநீர்த் தட்டை ஏந்தி நிற்கும் மேனுகாவுக்குக் கை கடுக்கிறது. "அங்கிள், பக்கத்து வீடு எங்க?" "படத்துக்குள்ள வராது பிள்ளை. காரில போகவேணும்." "நல்ல காத்தோட்டம்," என்று அவளுடைய அம்மா பூரிக்கிறாள். தட்டு மேசையில் டங்கென்று இறங்குகிறது. "அப்ப அங்க ஆரோட கதைக்கிறது?" "அவனும் அதைத்தான் கேட்டு அழுகிறான்," என்கிறார் வரதராசா, அடுத்த சோளத்துக்குப் போனபடி. "அதுக்குத்தானே பிள்ளை, பொம்பிளை பாக்கிறம்."