சின்னக் குண்டு

"லேய் ஷிபினு, குண்டு தெரியாம எடு. துப்பாக்கி மட்டும் பெருசா தெரியணும்."

ஞானசிங் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் பதித்து, கண்ணைச் சுருக்கினார். ராஸ் அல் கைமாவின் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு சனிக்கிழமை காலையில் கோட்டும் டையுமாக வந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

காரணம் இருந்தது. "சனிக்கிழமை கிளப்புக்கு வா, என் முடிவைச் சொல்கிறேன்" என்று டைல்ஸ் கம்பெனி முதலாளி அப்துல் ஹாதி சொல்லியிருந்தார். மேனேஜர் ஞானசிங்குக்கு முடிவு என்னவென்று முன்பே தெரியும்: ஜெனரல் மேனேஜர் பதவி. மனைவியிடம் சொல்லியாயிற்று, நாகர்கோவிலில் ஃப்ளெக்ஸ் அடிக்கவும் சொல்லியாயிற்று.

ஷிபின் அந்த மனைவியின் தம்பி, கம்பெனி ஸ்டோரில் கிளார்க். ஞானசிங் எடுத்துக்கொடுத்த விசாவில் வந்தவன். அவன் மறந்துவிடக் கூடாதே என்று ஞானசிங் அடிக்கடி அதைச் சொல்லிக்காட்டுவார். இன்று பை தூக்கவும், படம் எடுக்கவும், முதலாளியின் அரபியைத் தமிழாக்கவும் அழைத்து வரப்பட்டிருந்தான்.

பதினெட்டு வருட வளைகுடா வாசத்தில் ஞானசிங் கற்ற அரபி யல்லா, கலாஸ், மாஃபி. கிளம்பு, முடிந்தது, இல்லை. ஒரு மேனேஜருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

"அத்தான், ஷாஜினிக்கு ஃபேமிலி விசா வந்துட்டு" என்றான் ஷிபின், போனைத் தாழ்த்தாமல்.

"ஒனக்கா? கிளார்க்கு சம்பளத்துக்கு பெண்டாட்டிய கூப்பிட எவன்ல விடுவான்?"

"விட்டுட்டாவ அத்தான்."

"எனக்க பேரச் சொல்லியிருப்ப. சொன்னா நடக்கும்லா. படத்த ஒழுங்கா எடு."

துப்பாக்கி முதலாளியுடையது. ராணுவத்தில் வைத்திருப்பதைப் போலவே இருக்கும். போன மாதம் ஞானசிங் அதைச் சுட்டபோது தோள்பட்டை ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. குறிப்பலகைக்குச் சேதம் எதுவுமில்லை.

அதனால் இன்று படம் எடுப்பதற்கு முன்பே அப்துல் ஹாதி இரண்டு ஊசிகளைத் தள்ளி, குழலோடு கூடிய மேல்பாகத்தை அப்படியே கழற்றி ஓரமாக வைத்திருந்தார். பெட்டியிலிருந்து வேறொரு மேல்பாகத்தை எடுத்து அதே கீழ்பாகத்தில் மாட்டியிருந்தார். அதற்கான குண்டு சுண்டுவிரல் நுனி பருமன்கூட இல்லை.

"இது என்னல கூத்து?" என்று அப்போதே கேட்டார் ஞானசிங்.

முதலாளி அரபியில் சொன்னதை ஷிபின் தமிழில் சொன்னான். "கீழ்பாகம் நல்லாத்தான் இருக்காம் அத்தான். விசை, பிடி, கட்டை ஒண்ணையும் தொடாண்டாமாம். மேல்பாகத்த, அந்த அப்பரை மட்டும் மாத்துனா போதுமாம். உதையும் இல்ல, சத்தமும் இல்ல, செலவும் இல்லங்காரு."

படம் எடுத்து முடிந்ததும் ஞானசிங் சுட்டார். சோடா உடைத்த மாதிரி ஒரு சத்தம். பலகையின் நடுவில் ஓட்டை. அடுத்ததும் அங்கேயே. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு படைத் தளபதி தெரிந்தார்.

முதலாளியும் ஷிபினும் அரபியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

"என்னல சிரிப்பு?"

"வெயிலப் பத்தி அத்தான்."

"வெயிலு கெடக்கட்டும். நான் சொன்ன யோசனைய ஞாபகப்படுத்து."

கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது. சூளையில் வேலை செய்யும் ஆட்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பினால் நிமிர்ந்துவிடும். இதுதான் போன வாரம் ஞானசிங் வழங்கிய யோசனை.

ஷிபின் தயங்கினான். "அதுல எனக்க ரூம்காரனுவளும் உண்டு அத்தான். அற்புதராணி அக்காக்க மாப்பிள உண்டு. நம்ம கோயில்காரங்க."

"மேல இருக்கவனுக்கு கோயிலு, கொளம் பாத்தா முடியுமாடே? கீழ உள்ள பாரத்த கழட்டுனாத்தான் வண்டி ஓடும். சொல்லுல."

ஷிபின் சொன்னான். முதலாளி தலையாட்டிக் கேட்டார். பிறகு துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கழற்றிய பழைய மேல்பாகத்தைத் துணியில் சுற்றித் தனியே எடுத்துவைத்தார். ஞானசிங்கின் பக்கம் கையை நீட்டினார்.

"கம்பெனி வண்டிச் சாவியக் கேக்காரு அத்தான்."

ஞானசிங்கின் முகம் மலர்ந்தது. புதுப் பதவிக்குப் பழைய வண்டியா என்று அவரே கேட்பதாக இருந்தார். சாவியை மரியாதையோடு இரண்டு கையாலும் கொடுத்தார். முதலாளி அதை வாங்கி ஷிபினின் கையில் வைத்தார்.

"ஒன்னய ஓட்டச் சொல்லுதாரா? அதும் சரிதான். நான் இனி பின்சீட்டுலதானே இருக்கணும்."

முதலாளி நிதானமாக நாலு வாக்கியம் பேசினார். கடைசி வார்த்தை "கலாஸ்." அது ஞானசிங்குக்குப் புரிந்தது. காரியம் முடிந்தது. முந்திக்கொண்டு கையை நீட்டினார். முதலாளி அந்தக் கையை வெகுநேரம் பிடித்திருந்து, தோளில் தட்டி, சலாம் சொல்லி நடந்தார்.

"என்னல சொன்னாரு? சூளையில எத்தன பேர அனுப்பணுமாம்?"

ஷிபின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கீழ்பாகம் நல்லாத்தான் இருக்காம் அத்தான். அப்பரை மட்டும் மாத்தியாச்சாம்."