ஒன்பது விநாடி

அந்தப் பார்சல் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பார்சலைத் தேடினால் விடை வர ஒன்பது விநாடி ஆகும். திங்கட்கிழமை புரோகிராமர் அதில் 'கோட் கேஷ்' என்ற வேகமூட்டும் வசதியைப் போட்டார். அன்றிலிருந்து கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்தது.

வியாழக்கிழமை காலை மேனேஜர் அவரையும் டேட்டாபேஸைக் கவனிக்கும் அக்காவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எல்லாம் கோட் கேஷ் பண்ற வேலை சார்," என்றார் புரோகிராமர். "ஒவ்வொரு தடவையும் புரோகிராமை முதல்லேர்ந்து படிக்க வேண்டாம். தயாரா எடுத்து வச்சிருக்கும்."

அக்கா உதட்டைப் பிதுக்கினார். "அதுல அரை விநாடிகூட மிச்சமாகாது தம்பி. நேரமெல்லாம் டேட்டாபேஸ்ல தேடறதுலதான் போகுது."

"அப்ப மூணு நாளா எப்படிப் பறக்குதாம்? உங்களுக்கு வயித்தெரிச்சல்க்கா."

"சண்டை வேண்டாம். போட்டுக் காட்டுங்க," என்றார் மேனேஜர்.

புரோகிராமர் ஒரு பார்சல் எண்ணைத் தட்டினார். முழுசாக ஒன்பது விநாடி ஆனது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா தன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். "யாரோ மொத்தப் பார்சல் பட்டியலையும் ரெண்டு விநாடிக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டே இருக்காங்க. டேட்டாபேஸ் மூச்சுத் திணறுது."

"யாரு அது?" என்று சீறினார் மேனேஜர்.

அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். தொழிலைக் கண்காணிக்க அவர் தினமும் ஓடவிடும் பெரிய திரையில், முழுப் பட்டியலும் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது.

"இதை எப்ப சார் ஆன் பண்ணீங்க?"

"இன்னிக்குக் காலையிலதான். மூணு நாள் லீவுல இருந்தேனே."

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி, அந்தக் கோட் கேஷை இன்னும் கொஞ்சம் அதிகமாப் போட்டுப் பாருங்க."