முந்நூற்று இருபது பலூன்கள்

"மனிதக் குரலுக்காக மனிதகுலம் எழுப்பிய மகத்தான மாளிகை இது!" என்று மேடையின் ஓரத்தில் நின்று முழங்கினார் துறைத்தலைவர். மைக் இல்லாமல் முழங்கியதால், நாலாவது வரிசைக்குப் பின்னால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. முன்வரிசை கைதட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

அந்த அரங்கை வடிவமைத்தவர் அவரே. அங்கே மைக்கைத் தொடுவது, சமைத்தவர் எதிரிலேயே உப்பு கேட்பதற்குச் சமம் என்பார். மைக் மேடையிலிருந்த மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது.

கட்டடக்கலைப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள், தங்கள் ப்ராஜெக்டைப் பற்றிப் பேசி மார்க் வாங்கும் நாள் அது. துறைத்தலைவர் இறங்கிப் போய், கடைசி வரிசை நடு நாற்காலியில் சாய்ந்தார். பதினைந்து வருடமாக அது அவர் நாற்காலி. 'சரியாகக் கேட்கவில்லை' என்று யார் சொன்னாலும், "எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேக்குதே!" என்று அங்கிருந்தபடியே வாயை அடைத்துவிடுவார்.

பக்கத்தில், மார்க் போட வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர். துறைத்தலைவரின் பழைய சிநேகிதர்.

முதலில் வந்தவளைச் சக மாணவர்கள் 'பலூன்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த அரங்கின் ஒலியமைப்புதான் அவள் ப்ராஜெக்ட். தனக்குக் கிடைக்கப்போகும் மாலை என்று நினைத்துத் துறைத்தலைவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மேடை நடுவிலிருந்த மேசைக்குப் பின்னால் நின்றாள். வேலைக்கான கடிதம் பையில் இருந்தது. இதில் தேறினால்தான் அது செல்லும். ஆனாலும் முகத்தில் பயமில்லை. நாலு நாளாகத் தூக்கமில்லாமல் மரத்துப் போயிருந்தாள். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"இங்க இருக்கற முந்நூத்தி இருபது நாற்காலியிலயும் தலைக்கு ஒரு பலூன் உடைச்சேன். அந்தச் சத்தம் எங்க, எப்படிப் போய்ச் சேருதுன்னு கருவி வெச்சு அளந்தேன்."

தேர்வாளர் துறைத்தலைவரின் காதருகே குனிந்தார். "என்னங்க சொல்றா? ஒண்ணுமே விளங்கலையே."

"எனக்கு நல்லாக் கேக்குது. பலூன் உடைச்சாளாம்." துறைத்தலைவர் ஃபைலால் வாயை மறைத்துக் கிசுகிசுத்தார். "பொறந்தநாள் கொண்டாடிட்டு வந்து பட்டம் கேக்கறா."

மேடையில் பேச்சு நின்றது. அவள் தாளைப் புரட்டினாள்.

"பாத்தீங்களா? அதுக்குள்ள மறந்துபோச்சு."

அவள் மறுபடி தொடங்கினாள். "இருநூத்திப் பதினாலு நாற்காலியில உக்காந்தா பேச்சு புரியாது. காரணம், கூரையோட வளைவு."

துறைத்தலைவரின் காது சிவந்தது. தேர்வாளர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "அழகான வளைவுதான். எப்படிங்க யோசிச்சீங்க?"

"யோசிக்கறதாவது! ஒரு நீச்சல் குளத்துக்குப் போட்ட ப்ளான் அது. அவங்க வேணாம்னுட்டாங்க. வீணாப் போகுதேன்னு இங்க மாட்டிட்டேன். வெளிய சொல்லிடாதீங்க."

அவள் கையிலிருந்த தாள் நழுவி விழுந்தது. மெதுவாகக் குனிந்து எடுத்தாள். நடுவரிசையில் ஒருவன், "பலூன்ல காத்து போயிடுச்சுடா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

"பாவங்க, உழைச்சிருக்கா போலிருக்கு. என்ன போடட்டும்?" என்று முணுமுணுத்தார் தேர்வாளர்.

"முப்பத்தெட்டு. நாப்பது எடுத்தாத்தானே பாஸ்? அடுத்த வருஷமும் வந்து மிச்சப் பலூனை உடைக்கட்டும்."

தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றி எழுதினார்.

மேடையில் அவள் தாள்களை அடுக்கி மேசைமேல் வைத்தாள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்த துறைத்தலைவர், எல்லா மாணவர்களிடமும் கேட்கும் அந்தக் கடைசிக் கேள்வியை, உரக்க, கனிவான குரலில் கேட்டார்.

"சரிம்மா. ஒரு வருஷ உழைப்பைத் திரும்பிப் பாக்கும்போது, நீ கத்துக்கிட்டது என்ன? சுருக்கமாச் சொல்லு."

அவள் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த மைக்கை எடுத்தாள். தூசியை ஊதிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். பதினைந்து வருடத்தில் முதல் முறையாக முந்நூற்று இருபது நாற்காலிக்கும் ஒரு குரல் போய்ச் சேர்ந்தது. செல்போனில் மூழ்கியிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"இந்தக் கூரையில பட்டு, கடைசி வரிசை நடு நாற்காலிக்கும் நான் நிக்கற இந்த இடத்துக்கும் நடுவுல மட்டும் சத்தம் ரொம்பத் தெளிவாப் போகும், சார். இங்கேருந்து அங்க போற மாதிரியே அங்கேருந்து இங்கயும் வரும். கிசுகிசுத்தாக்கூட."

மறுபடி வாயருகே உயர்ந்திருந்த துறைத்தலைவரின் ஃபைல் மெல்ல மடிக்கு இறங்கியது.

"நீச்சல் குளம்னதும் கேட்டுச்சு, முப்பத்தெட்டுன்னதும் கேட்டுச்சு."