இடது கால்

தன் மகனும் கால்பந்து அணித் தேர்வுக்கு வந்திருந்ததால், பையன்கள் எல்லோரும் கண் மட்டும் தெரிய முகத்தில் துணி கட்டித்தான் ஆட வேண்டும் என்று சொல்லிவிட்டார் கோச் தேவசகாயம். "மூஞ்சியே தெரியலைன்னா, அப்பன் புள்ளைய எடுத்துட்டான்னு எவனும் பேச முடியாதுல்ல?" மகன் இடது காலை லேசாக இழுத்து ஓடுவான், அது ஊருக்கே தெரியும் என்பதை மறந்துபோனார். விசில் ஊதினார். அத்தனை பேரும் இடது காலை இழுத்து இழுத்து ஓடினார்கள். ஒருவன் மட்டும், வலியில் தோள் நடுங்க, நேராக ஓடினான். அவன் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மற்ற பையன்களுக்கும். பந்து தனியாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. அதைத் துரத்த ஒருவனும் இல்லை. துணிக்கு மேலிருந்த கண்கள் அத்தனையும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.