மைல் மகாராஜா

கார்டைத் தேய்த்துவிட்டுப் பையில் வைப்பதற்குள் போன் அடிக்கும். கடல் தாண்டி வேலை பார்க்கும் கணவர்தான்.

"மருந்துக்கடையில தேய்ச்சிருக்கியே, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லீங்க. தலைவலித் தைலம் வாங்கினேன்."

கார்டு அவர் பெயரில். அவளிடம் இருப்பது துணைக் கார்டு. இவள் இங்கே எங்கே தேய்த்தாலும் அங்கே அவர் போனில் மெசேஜ் போய் விழும். பால், காய்கறி, சோப்பு எதுவானாலும் கார்டில்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கட்டளை. தேய்க்கத் தேய்க்க விமான மைல் சேருமாம்; சேர்ந்த மைலுக்கு இலவசமாக விமான டிக்கெட் கிடைக்குமாம்.

"மைலாவது மண்ணாங்கட்டியாவது! நீ எங்க போறே, என்ன வாங்கறேன்னு உளவு பாக்கறாருடி. புருஷனா, போலீஸா?" என்பாள் அக்கா. 'மைல் மகாராஜா' என்று பட்டமே கட்டிவிட்டாள்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. போன லீவில் வந்தவர், விமான மைல் தரும் இரண்டு கார்டுகளின் விளம்பரத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்.

"இதையே எடுங்களேன். வருஷக் கட்டணம் கிடையாது. ஏர்போர்ட்ல சொகுசு அறை, சாப்பாடு எல்லாம் இலவசமாம்."

"சாப்பாடு கிடக்குது. அதுல மைலை வெச்சு டிக்கெட் எடுக்கணும்னா மாசக்கணக்குல முன்னாடியே சொல்லணும். இதுல கட்டணம் ஜாஸ்திதான். ஆனா சீட் காலியா இருந்தா அன்னைக்கே ஏறிடலாம்."

"சரி, சேர்ந்த மைல்ல என்னை ஒரு தடவை எங்கயாவது கூட்டிட்டுப் போங்களேன்."

"அதுல மட்டும் கை வைக்கக் கூடாது."

அத்தோடு பேச்சு முடிந்தது. 'கஞ்ச மகாபிரபு!' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

இப்போது வந்திருக்கும் பயம் வேறு. குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அக்காவிடம் மட்டும் சொன்னாள். தூரத்தில் இருக்கிற மனுஷன் தவித்துப்போவார், ஒன்றுமில்லை என்று ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவரிடம் வாயைத் திறக்கவில்லை. மெசேஜ் போகக் கூடாதென்று பீரோவில் இருந்த ரொக்கத்தை எடுத்துக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"இப்பவே ஊசியால கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்மா. நாளைக்குக் காலையில வாங்க, ரிசல்ட் சொல்லிடறேன்."

ரொக்கம் பற்றவில்லை. வேறு வழியில்லாமல் கார்டைத் தேய்த்தாள். என்ன பொய் சொல்வது என்று யோசித்தபடி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன் அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அடிக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "தைலத்துக்குக் கூப்பிட்ட மனுஷன் ஸ்கேனுக்குக் கூப்பிடல. பெரிய செலவு வருதுன்னு தெரிஞ்சதும் போனை அணைச்சுட்டாரு."

"சும்மா இரு அக்கா!" என்றாள். படுத்தால் தூக்கம் வரவில்லை. கட்டியைவிட அந்தப் போன்தான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

காலையில் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகத்தான் போய் உட்கார்ந்தாள். டாக்டர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வந்த ஒரு பெண் அழுதுகொண்டே போனாள். அப்போது பார்த்து நர்ஸ் இவளைக் கூப்பிட்டாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து ஊன்றினாள்.

யாரோ முழங்கையைப் பிடித்துத் தூக்கினார்கள். திரும்பினால், கணவர். வேலையிடத்துச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பைகூட இல்லை.

"நீங்க... எப்படி?"

"மெசேஜ்ல இந்த இடத்துப் பேர் இருந்துச்சு. கிடைச்ச பிளேன்ல ஏறிட்டேன். வீடு பூட்டியிருந்துது, நேரா இங்க வந்தேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே! நான் எப்படிப் பயந்து போயிட்டேன் தெரியுமா?"

"பண்ணினா 'ஒண்ணும் இல்லீங்க'ம்பே. நம்ம கரு கலைஞ்சு நீ ஆஸ்பத்திரியில தனியாக் கிடந்தப்பவும் அதைத்தானே சொன்னே? உண்மை தெரிஞ்சப்ப எல்லாம் முடிஞ்சு போயிருந்துது."

அவள் முழங்கையைப் பிடித்த கையை அவர் இன்னும் விடவில்லை.

"வா, உள்ள போவோம்" என்றார். "மறுபடியும் என்கிட்ட மறைப்பியேன்னு பயந்து பயந்துதான் ஒவ்வொரு மைலாச் சேர்த்தேன்."